கல்லாவுலயும் உட்கார வேணாம், கைய கட்டிக்கிட்டும் நிக்க வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு ரங்கூன்லேர்ந்து வணக்கம்.

உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, கவர்மெண்ட் ஒதுங்கி நின்னாலே போதும், மத்தத சந்தையே பாத்துக்கும்னு. அவர் சொல்றதுல பாதிதான் சரி. அந்தப் பாதி உண்மைய எங்க குடும்பத்த விட அனுபவிச்சவங்க யாரு?

எங்க தாத்தாவுக்கு இங்க மளிகைக் கடை இருந்துச்சு. அரிசி, பருப்பு, மிளகா எல்லாம் வீசைங்கிற பழைய நிறுவைக் கணக்குதான், இன்னைக்கும் பர்மாவுல வீசையிலதான் நிறுப்பாங்க. 1964-ல சோசலிசம்னு சொல்லி கடைகள தேசியமயமாக்கினப்ப ஒரு நாள் காலையில ஆளுங்க வந்து சாவிய வாங்கிக்கிட்டாங்க, ஸ்டாக்க எழுதிக்கிட்டாங்க, வெளிய "மக்கள் கடை"ன்னு போர்டு மாட்டினாங்க, அவ்ளோதான், ஒரு காசு வரல. அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் (கியாட்தான் பர்மா பணம்) நோட்டும் செல்லாதுன்னு ஆயிடுச்சு. லட்சக்கணக்கான நம்ம ஜனங்க கப்பலேறினது அப்பதான். நெல்லையும் கவர்மெண்டே விலை வச்சு வாங்குச்சு, அந்த விலைக்கு எந்த விவசாயி மனசார விளைவிப்பான்? ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி வருஷம் 30 லட்சம் டன் வரைக்கும் அரிசி ஏத்துமதி பண்ணின நாட்டுல 1967-ல அரிசித் தட்டுப்பாடு. 1987-ல 25, 35, 75 கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க, மாத்திக்கக்கூட விடல, எங்கப்பா சேத்து வச்சது மொத்தமும் வெறும் காகிதம். நம்பி கையில வச்சுக்கிற மாதிரி பணத்த குடுக்கிறதுதான் ஒரு கவர்மெண்டோட முதல் வேலைன்னு நான் நினைக்கிறேன், அதையே செய்யலன்னா என்ன சொல்ல.

ஆனா இதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லணும், நம்ம ஆளுங்க விஷயம்னு மறைக்கக்கூடாது. வெள்ளைக்காரன் காலத்துல கீழ் பர்மா விவசாயிக்கு கடன் குடுத்தது பெரும்பாலும் செட்டியாருங்கதான். அவங்க குடுக்கலன்னா அவ்வளவு நிலம் வயலா மாறியிருக்காது, அதுவும் உண்மை. ஆனா 1930 உலகப் பொருளாதார மந்தத்துல நெல் விலை விழுந்துச்சு, கடன் கட்ட முடியல, அடமான நிலம் கைமாறிடுச்சு. 1930-ல முக்கிய நெல் மாவட்டங்கள்ல சுமார் 6 சதவீத நிலம் அவங்க கையில, 1937-ல ஏறக்குறைய 25 சதவீதம். செட்டியாருக்கும் நிலம் வேணாம், பணம்தான் வேணும். அந்த நேரத்துல தவணைய நீட்டவோ, குறைஞ்ச வட்டிக்கு கடன் குடுக்கவோ கவர்மெண்ட் பெருசா முன்வரல. அப்ப நம்ம ஆளுங்க மேல வந்த கசப்புதான் பின்னாடி எங்க தாத்தா கடை வரைக்கும் வந்து நின்னுச்சு.

உருப்படியா நடந்தது ஒண்ணும் இருக்கு. சிம் கார்டு இங்க அரசாங்கம் மட்டும் வித்தப்ப லட்சக்கணக்குல கியாட், வசதி உள்ளவன்தான் வாங்குவான். 2013-ல டெண்டர் விட்டு டெலிநார், ஊரீடூன்னு ரெண்டு வெளிநாட்டு போன் கம்பெனிகளத் தேர்ந்தெடுத்தாங்க, எத்தன வருஷத்துல எவ்வளவு ஊருக்கு சிக்னல் போகணும்னு கண்டிஷனும் போட்டாங்க. 2014-ல சிம் 1500 கியாட்! காய்கறி விக்கிற அம்மா கையில போன். கவர்மெண்ட் ஒதுங்கிப் போயா இது நடந்துச்சு? தான் மட்டும் விக்கிறத நிறுத்திட்டு, விதிய எழுதி, போட்டிக்கு வழி விட்டதாலதான நடந்துச்சு.

அந்த வாசகர்கிட்ட எனக்கு ஒரே கேள்விதான் ஐயா. 1930 மந்தத்துல நெல் விலை பாதியா விழுந்தப்ப அந்த பர்மாக்கார விவசாயிக்கு சந்தை என்ன பதில் வச்சிருந்துச்சு? அவர் எழுதினா கண்டிப்பா போடுங்க, படிக்கக் காத்திருக்கேன்.

இப்படிக்கு,
ரங்கூன் வாசகர் ஒருவர்