ஆட்டுக்கார ஆயாவுக்கும் எங்கள் தெருவுக்கும்

விருதம்பட்டில் எங்கள் தெருவில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

இன்று காலை வெறிநாய்க்கடிக்கான நாலாவது ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். 0, 3, 7, 28ஆம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு இந்தச் சனிக்கிழமையோடு முடிந்தது. சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, தோள்பட்டை வலியோடேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் விட்டதுதான், என் லட்சணம் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு நாய் துரை, புதிதாக வந்த நாய்க்குட்டியின் காதையும் என் கையையும் கடித்த அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்ததை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான். மீதிப் பேருக்கு விடிந்ததும் பால் பாக்கெட்டோடு சேர்ந்து செய்தியும் வந்திருக்கும். குட்டியின் காது பிழைத்தது, என் கை பிழைத்தது, துரை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். இதில் மூன்றாவது நடக்கும் என்று நானே நம்பவில்லை.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். யார் பேரும் போடவில்லை, படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். மாடி வீட்டு டீச்சர், ரத்தத்தைப் பார்த்ததும் துணி சுற்றப் போன என்னை இழுத்துக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கையை நீட்டிப் பிடிக்க வைத்தீர்கள். "எரியுது டீச்சர், போதும்" என்றால், செல்லில் மணியைப் பார்த்து "இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வியே, கழுவினீங்களா என்பதுதான். துரைக்கு வருஷம் தவறாமல் ஊசி போட்டிருக்கிறது, எனக்கு எதற்கு என்று இழுத்தவளை அதட்டி அனுப்பியதும் நீங்கள்தான். ஸ்டேஷன் ஸ்டாண்டு ஆட்டோ தம்பி, சீட்டில் பட்ட கறையைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. டீக்கடை அண்ணன், துரை தெரியாமல் நழுவி வந்து நின்ற ரெண்டு காலையிலும் அடித்து விரட்டாமல் ஒரு பொறையைப் போட்டு உட்காரவைத்து எனக்குப் போன் அடித்தார். எதிர்வீட்டில் கைக்குழந்தை இருந்தும், நாலு ராத்திரி குட்டி அழுததை அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கால்நடை டாக்டருக்குத் தனியாக ஒரு கும்பிடு. காதில் ரெண்டு தையல் போட்டுவிட்டு, "குட்டிக்கு எத்தனை நாள்?" என்றார். நாற்பது என்றேன். எட்டு வாரமாவது தாயிடம் இருந்திருக்க வேண்டும், கூடப் பிறந்ததுகளோடு கடித்து விளையாடும்போதுதான் பல்லை எவ்வளவு அழுத்தலாம், பெரியதிடம் எப்போது அடங்க வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும் என்றார். அடுத்து, யாருமே யோசிக்காததைச் செய்தார். மறுநாள் துரையையும் கொண்டுவரச் சொல்லி, பின்னங்காலை மெல்ல மடக்கி இடுப்பை அழுத்திப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு சத்தம் துரையிடமிருந்து வந்தது. மூட்டுத் தேய்மானம். அந்த வெள்ளிக்கிழமை முழுக்கக் குட்டி குதித்துக் குதித்து ஏறி விழுந்தது அந்த இடுப்பின் மேல்தான். ஊசிமுனை மாதிரிப் பால்பல்லால் அது வாலைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் துரை உறுமினான். "டேய், சின்னக் குட்டிடா அது" என்று நாங்கள் மாறி மாறித் திட்டினோம். மூன்று தடவையோ நாலு தடவையோ திட்டியிருப்போம். ராத்திரி ரெண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நான். "ஒண்ணா விட்டுடு, அதுங்களே பாத்துக்கும்" என்று போனில் யாரோ சொன்னதைக் கேட்டு வைத்தேன். சொன்னவரைக் குறை சொல்லி என்ன, தட்டு வைத்த கை என்னுடையது.

இனி ஆயாவுக்கு வருகிறேன்.

பாலாற்றுக்கு ஆடு ஓட்டிக்கொண்டு தினமும் நம் தெரு வழியாகப் போகிற ஆயாவை எல்லாருக்கும் தெரியும். போன கார்த்திகையில் அவர் ஆடு என் செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டது என்று கேட்டில் நின்று நான் கத்திய கத்தும் எல்லாருக்கும் தெரியும். வயதுக்குக்கூட மரியாதை கொடுக்காமல் பேசினேன். அன்றிலிருந்து எங்கள் வீடு வந்ததும் ஆயா ஆடுகளை எதிர்ச்சாரிக்கு ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போவார்.

செவ்வாய்க்கிழமை, ரெண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன், ஆயா எங்கள் கேட்டருகே நிற்கிறார். துரையைப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கட்டிவைத்திருந்தோம். மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை. தட்டில் காக்காய் உட்கார்ந்திருந்தது, விரட்டக்கூட இல்லை அவன். அன்று காலைதான் உறவுக்காரர் ஒருவர், "பேசாம வண்டியில ஏத்தி ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. 2021 நவம்பரில் பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடியபோது, ராத்திரியெல்லாம் தண்ணிச் சத்தத்தைப் பார்த்துக் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிக்கொண்ட நாயை அந்தாண்ட விடுவதா என்று எனக்குள் ஓடியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது, எழுதாமல் விட்டால் இன்னும் கூசும்.

"இன்னாம்மா, சோறு துண்ணலயா அது?" என்றார் ஆயா.

எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, "ஒரு கோணி இருந்தா குடு" என்றார். இல்லை என்றேன். தன் தோளில் போட்டிருந்த கோணியையே எடுத்து, குந்தி உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த தழை அறுக்கும் கத்தியால் நடுவில் கிழித்து ரெண்டாக்கினார். மழை வந்தால் தலையில் போட்டுக்கொள்கிற கோணி அது.

"ஒண்ண இதுக்குப் போடு, ஒண்ணக் குட்டிக்குப் போடு. காலைல எழுந்தா இத்த அங்க போடு, அத்த இங்க போடு. ரெண்டும் மூஞ்சியப் பாத்துக்க வோணாம். எங்க ஆட்டுல தாயி செத்துடுச்சின்னா குட்டிய சொம்மா கொண்டாந்து வேற ஆட்டுகிட்ட வுட்டா முட்டித் தள்ளிடும். அந்த ஆட்டோட வாசனையக் குட்டிமேல தடவிட்டு அப்பால வுடுவோம். மோந்துதாம்மா அதுக்குத் தெரியும், நம்மள மாதிரி கண்ணாலயா பாக்குது?"

போகும்போது திரும்பி நின்று, "அது உறுமனா அடிக்காத. உறுமறதுன்னா சொல்லுதுன்னு அர்த்தம். சொல்லவும் வுடலன்னா இன்னா பண்ணும் அது?" என்றார். டாக்டரும் இதையே சொல்லியிருந்தார். எனக்குத்தான் ஆயா சொன்னபோது உறைத்தது.

முதல் நாள் குட்டி படுத்த கோணியைத் துரையின் தட்டுக்கு அடியில் போட்டேன். மோந்தான், முதுகு முடி சிலிர்த்தது, ரெண்டடி பின்னால் போய் நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு கொட்டாவி விட்டான். தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். ஆயா கேட்டுக்கு வெளியே நின்றபடி, "அது தூக்கமில்ல, பேஜாரா இருக்குது அதுக்கு. தட்டக் கொஞ்சம் தள்ளி வையி" என்றார். ஒரு முழம் தள்ளி வைத்தேன். அரை மணி கழித்து ரெண்டு வாய் சாப்பிட்டான். அடுத்த நாள் பாதி. சனிக்கிழமை தட்டைக் காலி பண்ணிவிட்டுக் கோணியின் ஓரத்தில் தாடையை வைத்துப் படுத்திருந்தான். நான் ஓடிப் போய்க் கேட்டைத் திறந்து தெருவைப் பார்த்தேன். ஆடுகள் அதற்குள் திருப்பம் தாண்டிவிட்டன. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அப்புறம் ஒரு வாரம் ஆற்றங்கரை. தடுப்பூசி முடியும்வரை குட்டியை வெளித் தரையில் விடக் கூடாது, மண்ணில் பார்வோ கிருமி மாசக்கணக்கில் கிடக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் கேவுரு பூக்கூடையில், கூடை என் இடுப்பில். (பேரைக் கேட்டு வெளியூர் நாத்தனார் இன்னும் சிரிக்கிறாள். கேழ்வரகு மாவு நிறத்தில் இருக்கிற குட்டிக்குக் கேவுரு என்று வைக்காமல் வேறு என்ன வைப்பதாம்.) துரையின் கயிறு ஆயா கையில். எதிரெதிரே கொண்டுபோகக் கூடாது, ரெண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கட்டும் என்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருபதடி, அந்த இருபதடியில் பதினோரு ஆடு. வேலிக்காத்தான் நிழலில் ஆடுகள் நின்றால் நாங்களும் நிற்போம். காய் உதிர்ந்து கிடப்பதை அதுகள் பொறுக்கித் தின்று முடிக்கும்வரை யாருக்கும் அவசரம் இல்லை. நாளாக நாளாக இருபதடி பத்தாச்சு, பத்து நாலாச்சு. கயிற்றை இறுக்கிப் பிடித்தால் கயிறு வழியாகவே நம் பயம் நாய்க்குப் போய்விடும் என்று சொல்லி, தொய்வாகவே பிடித்திருந்தார். எனக்குத்தான் மாரடைத்துக்கொண்டு வரும். ஆறாம் நாள் துரை தானாக வந்து கூடைக்குள் மூக்கை விட்டு, ஒரு தரம் தும்மிவிட்டுப் போனான். "அவ்ளோதான். கம்முனு நட" என்றார் ஆயா.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. புடவை எடுத்துத் தருகிறேன் என்றதற்குச் சிரித்தார். செம்பருத்தி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, "அந்தக் கெடா அப்பவே வித்துட்டேம்மா, அது எப்பவும் அப்டித்தான்" என்றார். கேட்க வந்ததைக் கேட்க விடாமலே முடித்துவிட்டார்.

நம் ஜலகண்டேஸ்வரரே எத்தனையோ காலம் சத்துவாச்சாரியில் இருந்துவிட்டு 1981இல்தான் வேலூர்க் கோட்டைக்குத் திரும்பினார். துரை தன் திண்ணைக்குத் திரும்பப் பதினெட்டு நாள்தான் ஆனது. அதில் பெருமைப்பட எனக்கு உரிமை இல்லை, ஆனால் பட்டுக்கொள்கிறேன். ரெண்டும் கொஞ்சிக் குலாவுகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். இன்றும் கேவுரு அளவுமீறினால் உறுமல் வரும், அது நாலடி ஓடிப்போய் உட்கார்ந்து முழிக்கும். சாப்பாடு தனித்தனி அறையில். துரை மதியம் தூங்குகிற இடத்துக்குக் குறுக்கே பலகை வைத்திருக்கிறோம், அந்தப் பக்கம் குட்டிக்கு அனுமதி கிடையாது. எலும்பு, பந்து எதையும் பொதுவில் போடுவதில்லை. வெளியே போனால் யாராவது ஒருவர் வீட்டில், இல்லையென்றால் நடுக்கதவுக்குத் தாழ்ப்பாள். நேற்றுச் சாயங்காலம் கேவுரு முன்னங்கால் ரெண்டையும் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு விளையாடக் கூப்பிட்டது. துரை வாலை மட்டும் ரெண்டு ஆட்டு ஆட்டினான், எழுந்திருக்கவில்லை. அந்த இடுப்புக்கு அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

தெருவுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், எல்லார் முன்னாலும் கொடுத்தால் தப்பிக்க முடியாது. கேவுருவுக்கு மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய் ஊசி போடக் கூட்டிப் போவேன். அன்றைக்கு முனைவீட்டுத் திண்ணையடியில் படுத்திருக்கிற நம் தெரு நாய்கள் நாலையும் சேர்த்தே கூட்டிப் போகிறேன். ஆட்டோ தம்பி, இதைப் படித்துவிட்டு அன்றைக்குச் செல்லை அணைத்து வைத்துவிடாதே. கத்திரி ஆரம்பிப்பதற்குள் கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றுவது என்றும் வீட்டில் பேசி முடித்துவிட்டோம். ஆட்டுக்கு எட்டுகிற உயரத்தில்.

ஆயாவுக்குப் படிக்க வராது. பேரன் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். தம்பி, இந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமாகப் படி.

ஆயா, நீங்கள் கொடுத்த கோணி ரெண்டு துண்டும் நார் நாராகிவிட்டது, அதைத் திருப்பித் தர முடியாது. மண்டித் தெருவில் புதுசாக ஒன்று வாங்கி, துவைத்துக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து எதிர்ச்சாரியில் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், எங்கள் வாசல் பக்கமாகவே வாருங்கள். கழுநீர் குண்டான் கேட் ஓரமாக இருக்கும். செம்பருத்தி திரும்பத் துளிர்த்திருக்கிறது.