ரிப்போர்ட்டில் 55 என்று வந்ததற்கு

கண்ணு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தடவை பார்த்தேன். பாப்பாவுக்கு எஸ்ட்ரடியால், அதுதான் பெண்மை ஹார்மோன், 55. சீக்கிரமே பருவம் வந்துவிட்டதோ என்று அதற்காகவா இந்த அழுகை? முதலில் யூனிட்டைப் பார், அது உங்கள் சிங்கப்பூர் பிகோமோல், ராமநாதபுரத்து ரிப்போர்ட்டில் வருகிற பிகோகிராம் இல்லை, 3.67-ஆல் வகுத்தால் 15 தான்.

அந்த 15-ஐயும் அப்படியே நம்பிவிடாதே. பருவம் வராத பிள்ளை உடம்பில் இந்த ஹார்மோன் அவ்வளவு சொற்பம், பெரிய பெண்களை மனதில் வைத்துச் செய்த கிட்டுகள் பல, 20-க்குக் கீழே போனாலே தடுமாறும். பாம்பன் கரையில் சூடைக் கூடை நிறுக்கிற தராசில் மூக்குத்தியை வைத்தால் என்ன காட்டும்? சொற்ப அளவையும் சரியாக நிறுக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் பார்த்தார்களா என்று கேள். நான் லேபில் இருந்தபோது ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இப்படித்தான் கூடுதலாக வந்தது, அவள் ஆத்தா "சடங்குக்கு நாள் பார்க்கணுமா தாயி" என்று என்னிடமே கேட்டு அழுதாள். மதுரையில் வேறு முறையில் பார்த்தபோது அளவுக்கே சிக்காத குறைவு. முதல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் நான்.

அப்புறம், நேரம். சாயங்காலம் 4.40-க்கு ரத்தம் எடுத்ததாகப் போட்டிருக்கிறது. பருவம் தொடங்கும்போது எல்ஹெச், அதாவது சினைப்பையை வேலை செய்யத் தூண்டுகிற ஹார்மோன், முதலில் தூக்கத்தில்தான் விட்டுவிட்டு ஏறும், ராத்திரிப் பெருக்கு மாதிரி, விடிந்து நேரம் ஆக ஆக வத்திவிடும். அதனால் அடுத்த தடவை காலையிலேயே போ. தலைமுடிக்கென்று பயோட்டின் மிட்டாய் கொடுக்கிறாயே, அதை இரண்டு நாள் முன்பே நிறுத்து, அதுவும் கணக்கைக் கெடுக்கும். எல்ஹெச் 0.3-க்கு மேலே இருந்தால் டாக்டர் உஷாராவார். தெளிவில்லை என்றால் ஊசி போட்டு எல்ஹெச் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார், இடது கைக்கு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதும் பார்ப்பார்.

பயப்படாதே என்கிறேனே தவிர, சும்மா இரு என்று சொல்லவில்லை. எட்டு வயது முடியுமுன் மார்பு அரும்பினால் காட்டத்தான் வேண்டும். அக்குள் வாடை அட்ரினல் சுரப்பியின் வேலை, மார்பு அரும்புவதோடு சேராத தனிக் கணக்கு.

உன் அப்பத்தா "சமைஞ்சிட்டாளா" என்று தினமும் கேட்கிறார். அரும்பியதிலிருந்து அதற்குப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும் என்று சொன்னேன், நம்பவில்லை.

அடுத்த ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, யூனிட்டும் ரத்தம் எடுத்த நேரமும் தெரிகிற மாதிரி.

அம்மா