தாய்மாரின் மரபணு மாதிரி முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தபின், "இவ்வளவு காலத்துக்குப் பிறகு இது இன்னார் என்று எப்படிச் சொல்வது?" என்று பலரும் கேட்கிறார்கள். சொல்லலாம். பசிபிக் போரில் 1943 நவம்பரில் செத்த அமெரிக்க மரைன் பெடியன்களை 70 வருடம் கழித்துப் பெயர் சொல்லி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நடந்த பிழைகளும் நமக்குப் பாடம்.

பசிபிக்கில் உள்ள தராவா பவளத்தீவுக் கூட்டத்தின் பெற்றியோ என்ற சிறுதீவில் 76 மணித்தியாலச் சண்டையில் ஆயிரம் வரையான மரைன்கள் இறந்தார்கள். கடும் வெக்கை. உடல்களை மழையங்கியில் சுற்றி, அகழி வெட்டி, வரிசையாகப் போட்டு மூடினார்கள். பிறகு தீவைத் துப்புரவாக்கியவர்கள் சிலுவைகளைப் பிடுங்கி, பார்வைக்கு அழகான வரிசைகளில் வேறிடத்தில் நட்டார்கள். 1946இல் உடல்களை எடுக்க வந்த பிரிவு சிலுவைக்குக் கீழே தோண்ட, பல இடங்களில் வெறும் மணல். பாதிப்பேர் வரை கிடைக்கவில்லை. 1949இல் "மீட்க முடியாதவர்" என்று கோப்பை மூடினார்கள். தொலைந்துபோன 27ஆம் இலக்க மயானம் 2015இல்தான் அகப்பட்டது. அதில் கிடந்த லெப்டினன்ட் அலெக்சாண்டர் பொனிமனைத் தங்கம் வைத்த பற்களே முதலில் காட்டிக்கொடுத்தன.

போரில் இறந்தவர்களை அடையாளம் காணும் அமெரிக்க ஆய்வுகூடம் ஒரு சான்றை மட்டும் நம்புவதில்லை. படையில் சேரும்போது பதிந்த பல் விபரம் ஒன்று. காசநோய்ச் சோதனைக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே இன்னொன்று. அதில் தெரியும் காறை எலும்பின் வடிவத்தைத் தோண்டிய எலும்போடு ஒப்பிடுகிறார்கள். மூன்றாவது மரபணு.

நம் பிள்ளைகளுக்கு அப்படிப் படைக்கோப்பு எதுவும் இல்லை. அதனால் இங்கே பாரமெல்லாம் மரபணுவில்தான் விழும். ஆனாலும் அலுமாரியில் பழைய எக்ஸ்ரே படம், பல் பிடுங்கிய துண்டு, பல் தெரியச் சிரிக்கும் படம் ஏதும் இருந்தால் எறிய வேண்டாம். கிரகணம் பார்க்க எக்ஸ்ரேயை வெட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டே!

பழைய எலும்பில் நீடித்து நிற்பது பெரும்பாலும் தாய்வழி மரபணுதான். அது தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் பெண்மக்கள் ஊடாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். காணாமற்போன ஆணின் சொந்தப் பிள்ளைகளிடம் அவருடைய தாய்வழி மரபணு இராது. தாய், ஒரே தாயின் சகோதரங்கள், சகோதரியின் பிள்ளைகள், தாய்மாமன், தாயோடு கூடப்பிறந்த பெரியம்மா, சின்னம்மா, அந்தப் பெரியம்மா சின்னம்மாவின் பிள்ளைகள் ஆகியோரிடம் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் செய்துவந்த ஊர்களில் பல வீடுகளுக்கு ஒரே தாய்வழி மரபணு இருக்கலாம். அது "இவர் அல்ல" என்று உறுதியாகச் சொல்லும், "இவர்தான்" என்று தனியே சொல்லாது. அதற்குக் கரு மரபணு, அதாவது கலத்தின் கருவில் இருக்கும், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் மரபணு வேண்டும். அங்கே தகப்பனும் பிள்ளைகளும் பெறுமதியானவர்கள். ஆகவே ஒரு குடும்பத்தில் ஒருவரிடம் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துவது சரியல்ல. தாய் தகப்பன் இருவரும் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரங்களையும் சேர்க்க வேண்டும்.

முப்பது வருடத்துக்கு முன் பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு இப்போது எழுபது, எண்பது வயது. எலும்பு ஆய்வு முடியட்டும், பிறகு உறவினரைக் கூப்பிடுவோம் என்று பொறுப்பானவர்கள் நினைத்தால் அந்த மாதிரி கிடைக்காமலே போகும். எலும்பு இன்னும் சில வருடம் பொறுக்கும்.

எடுப்பது பெரிய வேலை இல்லை. அரை மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாடு, தேத்தண்ணி, வெற்றிலை நிறுத்தி, வாயைக் கொப்பளித்து, பஞ்சுக்குச்சியால் உட்கன்னத்தை அரை நிமிடம் தேய்த்து, காற்றில் உலரவிட்டு, கடதாசி உறையில் போட வேண்டும். பொலித்தீன் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்து மரபணு சிதையும். வீட்டில் தாங்களாக எடுத்து வைப்பது நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும். உத்தியோகத்தர் முன்னிலையில், கையொப்பத்தோடு எடுக்க வேண்டும்.

எலும்பைக் கையாள்பவர்களுக்கும் ஒன்று. ஹொனலூலு மயானத்தில் கிடந்த கொரியப் போர் எலும்புகளைப் பாதுகாக்கவென்று ஒருகாலம் இரசாயனத் தூள் இட்டார்கள். அதுவே பின்னாளில் மரபணுவைத் துண்டு துண்டாக்கி, வழமையான சோதனைகளைத் தோற்கடித்தது. வெறுங்கையால் தொட்டாலும் தொட்டவரின் மரபணு ஏறிவிடும்.

உறையில் "தாய்" என்று மட்டும் எழுதக் கூடாது. பெற்ற தாயா, வளர்த்த தாயா என்பதும் பதிவாக வேண்டும். தாயின் அக்காவான பெரியம்மாவிடம் வளர்ந்த பிள்ளையென்றால் தாய்வழி மரபணு பொருந்தும், ஆனால் கரு மரபணுவில் "தாய் அல்ல" என்று முடிவு வரும். அதை நம்பி உண்மையான பொருத்தத்தையே ஒதுக்கிவிடுவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
கோண்டாவில்.