பிள்ளையின் முதல் வேட்டைத் துவக்கு தோளுக்கு அளவானதாக இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலையுதிர்கால மான் வேட்டையைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். வேட்டை என்றதும் முகம் சுளிப்பவர்கள் நிறைந்த நம்மவர்களிடையே, ஒன்ராறியோவில் அது சட்டத்துக்கும் பருவத்துக்கும் கட்டுப்பட்டு நடப்பது என்பதை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால், பதின்ம வயதுப் பிள்ளைக்கு முதல் றைபிள் வாங்குவோர், ‘வளர்ந்த பிறகும் உதவட்டும்’ என்று .300 வின்செஸ்ரர் மக்னம் போன்ற வலிய தோட்டாவுக்குரியதையே வாங்கிவிடலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்த ஆலோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கூடச் சப்பாத்தை இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுக்கும் நமது பழைய சிக்கனம்தான் இது. சப்பாத்தின் நுனியில் பஞ்சு அடைக்கலாம். துவக்குக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு ஒரு தவறினால் வந்தது. என் மூத்த மகனுக்குப் பதினான்கு வயதானபோது, ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி நான் வாங்கியதும் இதே மக்னம் வகைதான். சுடுதளத்தில் மூன்றாவது வெடியின்போது, குறிபார்க்க றைபிளின் மேல் பூட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் பின்விளிம்பு அவனுடைய வலது புருவத்தைப் பிறை வடிவில் வெட்டியது. அந்தக் காயம் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. பிறகு நடந்ததுதான் பெரிய சேதம். அருகில் சுட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், மகனுக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கிடையே வெடிமருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை வைத்துக் கொடுக்கச் சொன்னார். மகன் விசையை இழுத்தான், வெடிக்கவில்லை, ஆனால் குழலின் நுனி நான்கு விரற்கடை கீழே குத்திட்டு இறங்கியது, கண்களும் இறுக மூடியிருந்தன. சுட்டதும் துவக்கு பின்னோக்கித் தோளை இடிக்கும் உதை வரப்போகிறது என்று உடல் முன்கூட்டியே அஞ்சி ஒடுங்கும் அந்தப் பழக்கத்தைக் கலைக்க எங்களுக்கு இரண்டு கோடைகாலங்கள் பிடித்தன. அப்படிச் சுடும் பிள்ளை மானைத் தவறவிட்டால் பரவாயில்லை. வயிற்றில் காயப்படுத்தி, இரவு முழுவதும் புதருக்குள் அலைந்து சாகும்படி விட்டுவிட்டால் அந்தப் பாவம் றைபிளை வாங்கிக் கொடுத்தவரையே சேரும்.

பின்னுதையை எண்ணால் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஏறத்தாழ எட்டு பவுண்டு எடையுள்ள றைபிளில் .243 வின்செஸ்ரர் தோட்டா தோளில் கொடுப்பது சுமார் 9 அடி-பவுண்டு (உதையின் ஆற்றலை அளக்கும் அலகு), 6.5 கிறீட்மோர், 7 மிமீ-08 ஆகிய இரண்டும் 12 அளவில் நிற்கின்றன; .308 சுமார் 16; .30-06 ஏறக்குறைய 20; .300 மக்னம் 25-ஐத் தாண்டுகிறது. வளர்ந்த ஆண்களிலேயே பலர் 20-க்கு மேல் போனால் நிதானம் இழக்கிறார்கள் என்பதைச் சுடுதளத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றால் எவரும் காணலாம். கடைகளில் ‘தூக்க இலகுவானது’ என்று நீட்டப்படும் ஆறு பவுண்டு மலை வேட்டை றைபிள்களும் பிள்ளைகளுக்கு ஆகாதவை, ஏனெனில் எடை குறையக் குறைய அதே தோட்டாவின் உதை கூடும். குழல் முனையில் துளையிட்ட குமிழைப் பூட்டினால் உதை குறையும் என்பது உண்மைதான்; ஆனால் சத்தம் பக்கவாட்டில் பாய்ந்து, பக்கத்தில் நிற்கும் தகப்பனின் காதைப் பதம் பார்க்கும்.

எனது தெரிவு 7 மிமீ-08. 1952-இல் வந்த .308 தோட்டாவின் கோதையே (மருந்தையும் குண்டையும் தாங்கும் உறையை) கழுத்தில் சுருக்கி 1980-இல் சந்தைக்கு வந்த இது, மானுக்குத் தாராளம். நல்ல குண்டும் நியாயமான தூரமும் அமைந்தால், மான் இனத்திலேயே பெரிதான மூஸுக்கும் போதும். 2007-இல் அறிமுகமான 6.5 கிறீட்மோரை விரும்புவோரோடு எனக்குச் சண்டை இல்லை. இவ்வளவு மெல்லிய குண்டு மூஸைச் சாய்க்குமா என்று கேட்பவர்களுக்கு, சுவீடன்காரர்கள் ஏறத்தாழ அதே விட்டமுள்ள 6.5×55 தோட்டாவோடு நூறாண்டுக்கும் மேலாக மூஸ் வேட்டைக்குப் போய்வருகிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். உடல் மெலிந்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, மான் மட்டுமே குறி என்றால், 1955-ஆம் ஆண்டின் .243 தோட்டாவே உகந்தது. ஆனால் அதில் 100 கிறெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) அளவிலான வேட்டைக் குண்டைத்தான் போட வேண்டும், சிறு விலங்குகளுக்கென்று செய்த, பட்டவுடன் சிதறும் இலேசான குண்டுகளைப் போடக் கூடாது. ஏற்கெனவே வீட்டில் .308 இருக்கிறதென்றால் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. மருந்து குறைத்துச் செய்த மென்னுதைத் தோட்டாக்கள் அதற்குக் கிடைக்கின்றன.

தோட்டாவைப் பற்றி வாதிடுவோர், தோளில் பதிக்கும் பின்கட்டையின் நீளத்தை மறந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கான றைபிளில் கட்டையின் அடியிலிருந்து விசை வரை பெரும்பாலும் 13½ அங்குலத்துக்குக் குறையாது. பிள்ளைகளுக்கு 12 அல்லது 12½ அங்குலம் வேண்டியிருக்கும். அளந்து பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, பிள்ளையின் முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை அந்த மடிப்பில் பொருத்துங்கள். சுட்டுவிரலின் முதல் கணு விசையை இலகுவாகத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் பிள்ளை பின்பக்கம் சாய்ந்து, தலையை முன்னே நீட்டித்தான் ஸ்கோப்பைப் பார்ப்பான். என் மகனின் புருவம் வெட்டுப்பட்டது இதனால்தான். குளிருக்குப் போடும் தடித்த மேலங்கியோடும் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது. நவம்பர் காட்டில் அந்த மேலங்கி இல்லாமல் எவரும் நிற்பதில்லை. றூகர் அமெரிக்கன் வரிசையில் வரும் சிறு அளவு றைபிள், கட்டையின் அடியில் செருகுதட்டை வைத்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளக்கூடிய மொஸ்பேர்க் பற்றியட் சிறுவர் வகை போன்றவை அதிக விலையில்லாதவை. வளரும் பிள்ளைக்கு அப்படிக் கூட்டிக்கொள்ளும் வசதியே கட்டுரையாளர் தேடிய சிக்கனத்தைத் தரும்.

இப்படி நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய றைபிளைத் தெரிவுசெய்ய ஒன்ராறியோவில் இன்னொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு வயது முதல் பயிலுநராக வேட்டைக்குப் போகும் பிள்ளை, வழிகாட்டியின் நேரடிக் கண்காணிப்பில், அவரோடு ஒரே துவக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே தகப்பனுக்கும் பிள்ளைக்கும் மாறி மாறிப் பொருந்தும் றைபிள்தான் அந்த ஆண்டுகளுக்குரியது. இதைவிட முக்கியமாக, ‘மகனின் பெயரில் வாங்கிக் கொடுங்கள்’ என்று கட்டுரையில் இருந்த வரி முற்றிலும் தவறானது. பாதுகாப்பு வகுப்பில் தேறி, பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ளோருக்கான உரிமம் பெற்ற பிள்ளை, வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடுவதற்கும் துவக்கை இரவல் வாங்கலாமே தவிர, விலைக்கு வாங்கவோ சொந்தமாக்கிக்கொள்ளவோ இந்நாட்டுச் சட்டம் இடம்தராது. உரிமையும் பொறுப்பும் உரிமம் பெற்ற பெரியவருடையவை. தோட்டா கழற்றிப் பூட்டி வைப்பதும் அவருடைய கடமையே. தெற்கு ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு றைபிளே அனுமதிக்கப்படுவதில்லை. அங்கே சொட்கன் (சன்னத் துவக்கு) அல்லது குழல்வாயால் மருந்து இடிக்கும் துவக்குத்தான். எங்கள் வன்னியில் அப்பப்பா வைத்திருந்த இடியனின் ஒன்றுவிட்ட தம்பி ஒன்றை இந்தக் குளிர்நாட்டுக் கடையில் பளபளவென்று கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பிரிவில் வேட்டையாடப் போகிறோம் என்று பார்க்காமல் றைபிளுக்குப் பணம் கட்டியவர்களை நான் அறிவேன்.

கையிலுள்ள பணத்தில் பாதியை றைபிளுக்கு ஒதுக்குங்கள். மீதியில் மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெருக்கிக் காட்டும் எளிய ஸ்கோப், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நாலங்குல அளவில் இடைவெளி கிடைப்பதாகப் பார்த்து வாங்குங்கள். காதுக்குள் செருகுவது ஒன்று, மேலே கவிப்பது ஒன்று என இரண்டு காப்புகளையும் சேர்த்தே போட வேண்டும். ஏனெனில் வேட்டை றைபிளின் ஒலி 150 டெசிபெலைத் தாண்டுகிறது, 140-க்கு மேல் ஒரே வெடியும் காதைக் கெடுக்கக்கூடும். முதல் கோடை முழுவதும், உதை மிகக் குறைந்த சிறு தோட்டாவுக்குரிய .22 றிம்ஃபயர் துவக்கில் பழகட்டும். அதைக் கொண்டு மானைச் சுடுவதற்கு இங்கே தடையுண்டு. ஆனால் கண் மூடாமல் விசையை மெல்ல அழுத்தக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. பிறகு பெரிய றைபிளில் ஒரு நாளைக்குப் பத்து வெடிக்கு மேல் வேண்டாம். நூறு யார் தூரத்தில், மேசையில் சாய்க்காமல், இருந்தபடியும் முழந்தாளிட்டபடியும் சாப்பாட்டுக் கோப்பை அளவுள்ள வட்டத்தில் தொடர்ந்து ஐந்து குண்டுகளைப் போடும் வரை என் இளைய மகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. அவள் பயன்படுத்துவது 7 மிமீ-08. இப்போது அவளுக்குப் பதினாறு வயது, கட்டையில் இரண்டு செருகுதட்டுகளைக் கூட்டியிருக்கிறோம். மூத்தவனின் மக்னத்தை நான் வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன்.

துவக்கு உரிமை பற்றிய அந்த ஒரு வரியையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மான் பருவத்துக்கு முன்பாக அது வெளிவந்தால், கடைக்குப் போக இருக்கும் தகப்பன்மாரின் கண்ணில் படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ