மாசியில் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம், கண்ணு

ஏற்காடு
மார்கழி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. பெயிண்டரை மாசிக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றதும் போனில் உனக்குக் கோபம் வந்தது. நடுவில் சிக்னலும் போய்விட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தை பிறந்ததும் தங்கையின் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மலையேறி வரும்போது வீட்டு முகப்பு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை உனக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு எனக்கும் உண்டு. அதற்கு இந்த மாதத்தில் பெயிண்ட் வழியல்ல, அவ்வளவுதான்.

நாம் இருப்பது ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைந்துவிடுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையில் ஊறிய சுவர் மார்கழி மூடுபனியில் காய்வதே இல்லை. வெளிச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கரைத்தது. அந்தத் தண்ணீர் ஆவியான பிறகுதான் அதிலுள்ள பிசின் ஒன்றோடொன்று ஒட்டி ஏடாக இறுகும். குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனாலும், காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேலே போனாலும் அடிக்காமல் இருப்பதே நல்லது. இங்கேயோ சாயங்காலமே பனி இறங்கி, மறுநாள் வெயில் ஏறும்வரை சுவரை விட்டுப் போவதில்லை. களத்தில் மேலே காய்ந்து உள்ளே ஈரம் வைத்திருக்கும் காபிக் கொட்டையை மூட்டை கட்டினால் என்ன ஆகுமோ, ஈரச் சுவருக்கு மேலே பெயிண்ட் அடித்தாலும் அதுதான் ஆகும். நிச்சயத்தன்று பளபளக்கும். கல்யாணத்துக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும்.

என் பேச்சை நம்ப வேண்டாம், சுவரே சொல்லட்டும் என்று பெயிண்டர் எதிரிலேயே ஒன்று செய்தேன். இரண்டடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளை வெட்டி, திண்ணைக்கு மேலே சுவரில் நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் காலையில் அவர் வந்தபோது தாளின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். வெளிப்பக்கப் பனியைத் துணியால் துடைத்துவிட்டுக் காட்டினேன். உள்ளே இருந்தது அப்படியே நின்றது. சுவருக்குள்ளிருந்து வந்த ஈரம் அது. அனுபவமுள்ள மனிதர், பார்த்ததும் புரிந்துகொண்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. மாசிக் கடைசியில் மறுபடி தாள் ஒட்டிப் பார்ப்போம். உட்பக்கம் காய்ந்திருந்தால் அன்றே வேலையைத் தொடங்கலாம்.

இன்னொன்றை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நம் வீடு வடக்குப் பார்த்தது. புரட்டாசி முதல் பங்குனி வரை சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது. மார்கழியில் உச்சி வேளையில்கூட ஏறக்குறைய 55 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. முகப்புச் சுவரில் அந்த ஆறு மாதமும் நேர் வெயில் விழாது. அதனால்தான் பாசி அங்கேதான் பிடிக்கிறது, பின்சுவரில் இல்லை. நிழலிலேயே நிற்கும் முகத்துக்கு நீ படத்தில் காட்டிய கருஞ்சாம்பல் நிறம் வேண்டாம், சாமி. பனி நாளில் வீடு இருக்கும் இடமே தெரியாமல் போய்விடும். சந்தன நிறமோ, வெளிர் மஞ்சளோ, நல்ல வெண்மையோ எதுவானாலும் எனக்குச் சம்மதம். வெளிச்சத்தைத் திருப்பித் தருகிற நிறமாக இருந்தால் போதும். முன்னால் நிற்கும் சில்வர் ஓக்கில் வாசலை மறைத்த இரண்டு கிளைகளை இறக்கிவிட்டோம். அதற்கே திண்ணையில் வெளிச்சம் கூடிவிட்டது.

உன் பணத்தில் நான் முதலில் வாங்கியது முக்கால் அங்குல ஜல்லி. சிரிக்காதே. நம் சுவரின் அழுக்கில் பாதி, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை இருக்கும் செம்மண் கறைதான். ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் வெறும் மண்ணில் விழுந்து, சேற்றைத் தெறித்துச் சுவரில் அடிக்கிறது. அதன் மேலே எந்தப் பெயிண்டை அடித்தாலும் அடுத்த மழையில் பழைய கதைதான். தண்ணீர் சொட்டும் கோட்டைப் பார்த்து, ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்து, வாட்டத்தைத் தோட்டப் பக்கம் கொடுத்து, ஜல்லியை நிரப்பினோம். இப்போது தண்ணீர் கல்லில் விழுந்து அடங்கிவிடுகிறது. கறையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியதும் சுவரின் அடிப்பாகம் வேறு வீடு மாதிரி தெரிகிறது. ஓட்டு விளிம்பில் இருக்கும் தகரக் கால்வாயில் சில்வர் ஓக் இலை அடைத்துக்கொண்டு, ஒரே மூலையில் தண்ணீர் வழிந்து பச்சைக் கோடு போட்டிருந்தது. அதையும் அப்பா ஆள் வைத்து வாரிவிட்டார். காபிப் பழம் பறிக்கும் காலம், ஆள் கிடைப்பதே பெரும்பாடு.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவினோம். கம்பி பிரஷ் போட விடவில்லை. சுவரில் தங்கும் கம்பித் துணுக்கு பிறகு துருக்கறையாகும். ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் போகும் என்று உதவிக்கு வந்த பையன் சொன்னான். கூடவே கூடாது என்றேன். தாத்தா காலத்துச் சுவர் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஆசிட் சுண்ணாம்பைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயுவும் கிளம்பும். உப்புப் பூத்த இடங்களில் மட்டும் தண்ணீரே படாமல் உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்தோம். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

முன்சுவரில் கல் மாதிரி டைல்ஸ் ஒட்டலாம் என்று எழுதியிருந்தாயே, அந்த எண்ணத்தை அடியோடு விட்டுவிடு. அந்தச் சுவர் இத்தனை வருடம் நின்றதே, குடித்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிட வழி இருந்ததால்தான். டைல்ஸ் போட்டு அடைத்தால் ஈரம் வீட்டுக்குள் திரும்பும். சுற்றுச்சுவருக்கு மட்டும் இப்போதே சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அதற்கு இந்தப் பருவம் ஒத்துவரும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக இறுகுவது. கொஞ்சம் ஈரம் இருந்தால் நல்லதும்கூட. மழை இல்லாத நாளாகப் பார்த்து, சுவரை நனைத்து, தண்ணீராகக் கரைத்து மூன்று பூச்சு. கடைசிப் பூச்சில் ஒரு துளி நீலம். இன்று காலை பனி விலகியதும் அப்பா தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்து, பேசாமல் இன்னொரு டம்ளர் காபி கேட்டார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கேட் முடிந்துவிட்டது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு கொடுத்து, மேலே கறுப்பு எனாமல். காலை பதினொன்று முதல் மூன்று மணிக்குள் மட்டும்தான் வேலை. அதற்கு முன்னால் இரும்பில் பனிநீர் நிற்கிறது. தேக்குக் கதவைச் சுரண்டிப் பழைய வார்னிஷை எடுத்துவிட்டு, ஆளி விதை எண்ணெய் தேய்த்தேன். மரத்தின் ரேகை எழுந்து நிற்கிறது, நீ பார்க்க வேண்டும். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காயப்போடச் சொன்னேன். சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் துலக்கியது தங்கை.

செடிகளுக்குக் காசு செலவழிக்கவே இல்லை. கேட்டின் இரு புறமும் வெயில் படும் இடத்தில் பாயின்செட்டியா இருக்கிறது. இரவு நீளும் மாதங்களில்தான் அதன் மேல் இலைகள் சிவக்கும், அதனால் அந்தப் பக்கம் இரவு விளக்கே போடுவதில்லை. இப்போது நெருப்பாகச் சிவந்து நிற்கிறது. சாமந்தித் தொட்டிகளைப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நிழலான திண்ணை ஓரத்தில் பெரணியும் பிகோனியாவும். உடைந்த தொட்டி, பழைய தகர டின், சிமெண்ட் மூட்டை எல்லாம் பின்னால் போய்விட்டன. வாசலில் எதையும் கூட்டுவதற்கு முன்னால் வேண்டாததைக் கழிப்பதுதான் பாதி அழகு.

போகியன்று காப்புக் கட்டுவோம் அல்லவா, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் ஓட்டு விளிம்பு நெடுக வைக்கப் போகிறேன். ஆவாரம்பூ கீழேயிருந்து வர வேண்டும், அடிவாரத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். நிச்சயம் அதற்கு அடுத்த வாரம்தான் என்பதால் புதிதாக ஒரு முறை கட்டிவிடலாம். வாசலில் பெரிய கோலம் போட்டுக் காவிக் கரை இழுப்பது என் வேலை. பிளாஸ்டிக் தோரணம் எதுவும் வாங்கி அனுப்பாதே.

நீ வாங்கி வர வேண்டியது விளக்கு மட்டும்தான். திண்ணையில் இருக்கும் வெள்ளை பல்பின் ஒளி பனியில் பட்டுச் சிதறி, கண்ணைக் கூசவைக்கிறதே தவிர படி தெரிவதில்லை. 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் ஒளி எல்இடி, ஐந்து வாட் போதும். மழை நனையும் இடத்துக்கானதாகப் பார்த்து வாங்கு. படி ஓரமாகத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கீழே பார்த்த மாதிரிப் பொருத்தும் விளக்கு ஆறு. கதவுக்கு மேலே ஒன்று. வயர் இழுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன், நீ வந்த மறுநாள் காலையில் வருவார். மீதிப் பணம் அலமாரியில் இருக்கிறது, மாசிப் பெயிண்டுக்கு.

நிறம் எதுவென்று நீயும் தங்கையும் பேசி முடிவு செய்யுங்கள். ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா