ஏஜென்ட் போடுங்கள், ஊழியர்களிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் தலைமையிடமும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் கிளைகளும் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். சர்வர், நெட்வொர்க், யுபிஎஸ் தொடங்கி லேப் ரிப்போர்ட் அடிக்கிற பிரிண்டர் வரை எங்கள் பொறுப்பு. எங்களைப் போன்ற இடங்களுக்கு 'மானிட்டரிங் ஏஜென்ட்' விற்க இப்போது அடிக்கடி ஆள் வருகிறார்கள். சர்வரிலும் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து தகவல் சேகரித்து அனுப்புகிற மென்பொருள் அது. வாங்குகிற நிர்வாகம் அது என்ன எடுக்கிறது என்று கேட்பதில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் நாள் முழுக்க வேலை பார்க்கிறவர்களுக்கோ அப்படி ஒன்று ஓடுவதே தெரியாது. இது மாற வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏஜென்ட் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கட்டாயம் வேண்டும். ப்ராசஸருக்கு எவ்வளவு பளு, மெமரி எவ்வளவு மிச்சம், டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ராத்திரி பேக்கப் ஓடி முடிந்ததா என்று அது இடைவிடாமல் பார்த்து மைய சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏஜென்ட் இல்லாத காலத்தில் ஒரு ராத்திரி எங்கள் லேப் சர்வரின் டிஸ்க் நிரம்பிப்போய் எந்த ரிப்போர்ட்டும் சேவ் ஆகவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் துண்டுச் சீட்டில் எழுதித்தான் கொண்டு ஓடினார்கள். அந்த டிஸ்க் ஒரே ராத்திரியில் நிரம்பியதில்லை. சர்வரில் நடப்பதையெல்லாம் தேதி நேரத்தோடு எழுதி வைக்கிற பழைய லாக் ஃபைல்கள் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. 80 சதவீதத்தைத் தாண்டியபோதே யாருடைய போனுக்காவது ஒரு செய்தி போயிருந்தால், பகலில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

நம் மாவட்டத்துக்கு இது கூடுதலாகவே தேவை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, நடுவில் சித்திரை வைகாசியில் இடிமழை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றே நெட்வொர்க் போர்ட்டுகளைத் தின்றுவிடும். மழை வலுத்தால் குளச்சல் கிளைக்கு நெட்வொர்க் லைன் போய்விடும்.

நாங்கள் போட்டிருப்பது ஜாபிக்ஸ். லாட்வியாவில் பிறந்து 2001-ல் முதன்முதலாக வெளிவந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. குளச்சலில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதன் ப்ராக்ஸியை நிறுவியிருக்கிறோம். லைன் போனாலும் அங்குள்ள ஏஜென்ட்டுகள் தருகிற விவரங்களை அது சேர்த்து வைத்துக்கொண்டு, லைன் வந்ததும் அனுப்பிவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருந்தது. மதர்போர்டில் இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்துபோன பழைய மெஷின்கள், கரண்ட் போய் வந்தால் தேதியை எங்கேயோ பின்னால் கொண்டுபோய் வைத்துவிடும். தேதி தப்பாக இருந்தால் லாக் எதற்கும் உதவாது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை அரசின் நேர சர்வர்களோடு ஒத்துப்போக வைக்க வேண்டும், சைபர் தாக்குதல் என்று தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது. கவனித்துச் சொல்ல ஒரு ஏஜென்ட் இல்லாமல் இதையெல்லாம் எப்படிக் கடைப்பிடிப்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்த்தாண்டம் கிளையில் ஏஜென்ட் போடப் போனபோது, வார்டிலுள்ள மூத்த செவிலியர் அக்கா ஒருவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "மக்கா, இதுல கேமரா உண்டா? நாங்க பேசுறது, டைப் அடிக்கிறது எல்லாம் மேல போவுமா?"

நியாயமான கேள்வி. ஊழியர்களின் ஸ்கிரீனைப் படம் பிடிக்கிற, என்ன தட்டுகிறார்கள் என்று பதிவு செய்கிற மென்பொருள்களும் சந்தையில் இருக்கின்றன. அவற்றையும் ஏஜென்ட் என்றுதான் சொல்கிறார்கள். நான் செட்டிங் ஃபைலைத் திறந்து, அது கேட்டு வாங்குகிற விவரங்களை ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். அக்கா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எனக்குக் காட்டிட்ட. மத்தவங்களுக்கு? இத ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி ஒட்டிப் போடேன்" என்றார்.

அப்படியே எழுதி ஒட்டினோம். ஒரே பக்கம்தான். எடுப்பது: டிஸ்க், மெமரி, ப்ராசஸர், பேக்கப் நிலை, யுபிஎஸ் நிலை. எடுக்காதது: ஸ்கிரீன், தட்டச்சு, கேமரா, மைக், நோயாளி விவரம். இதோடு நின்றால் முழு உண்மை ஆகாது. கம்ப்யூட்டர் எத்தனை மணிக்கு ஆன் ஆனது, எப்போது ஆஃப் ஆனது என்பதும் ஏஜென்ட் வழியாகத் தெரியும். யாராவது நினைத்தால் அதை வைத்து வருகைக் கணக்கு எடுக்கலாம். அதையும் அந்தத் தாளில் எழுதினோம். 'வருகைக்கோ சம்பளத்துக்கோ இதைப் பயன்படுத்த மாட்டோம்' என்று நிர்வாகத்திடம் கையெழுத்தும் வாங்கி ஒட்டினோம். அப்புறம் யாரும் முணுமுணுக்கவில்லை. "மெஷின் ஸ்லோவா இருக்கு, உங்க ஏஜென்ட் என்ன சொல்லுது?" என்று அவர்களே போன் செய்கிறார்கள்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரிடம் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள தமிழ் போன்ற மொழி ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. பொதுமக்களுக்கே அப்படி என்றால், சொந்த ஊழியர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒட்டுவது பெரிய பாரமா?

நாங்கள் ஜாபிக்ஸுக்கு வருவதற்கு முன் ஒரு நிறுவனத்தார் தங்கள் ஏஜென்ட்டைக் காட்ட வந்தார்கள். எல்லா கம்ப்யூட்டரிலும் அதற்கு முழு அட்மின் உரிமை (எதையும் மாற்றுகிற அதிகாரம்) வேண்டும், தூரத்திலிருந்தே கட்டளை ஓட்டலாம், விவரங்கள் எல்லாம் அவர்களுடைய கிளவுடுக்குப் போகும். கிளவுட் எந்த நாட்டில், யார் பார்ப்பார்கள், ஒப்பந்தம் முடிந்தால் அழிப்பீர்களா என்று கேட்டேன். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் மேடம்" என்பதே பதில். அது எனக்குப் போதவில்லை.

பயம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. 2020 டிசம்பரில் வெளியே தெரிந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் தாக்குதல்காரர்கள் நுழைந்த வாசலே, அந்தப் பெயருள்ள அமெரிக்க நிறுவனம் விற்ற ஓரியன் என்ற மானிட்டரிங் மென்பொருளின் அப்டேட்தான். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை இறக்கியிருக்கக்கூடும் என்று அந்த நிறுவனமே சொன்னது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் மென்பொருளுக்கு வந்த தப்பான ஒரு அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இந்திய விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது பாதுகாப்பு மென்பொருள், மானிட்டரிங் வகை இல்லை. ஆனாலும் எல்லா மெஷினிலும் உட்கார்ந்திருக்கிற எந்த ஏஜென்ட்டுக்கும் அந்த ஆபத்து உண்டு.

அதனால்தான் எங்கள் ஏஜென்ட்டுக்கு அட்மின் உரிமை கொடுக்கவில்லை, தனியாக ஒரு குறைந்த உரிமைக் கணக்கில் ஓடுகிறது. தூரத்திலிருந்து கட்டளை ஓட்டுகிற ரிமோட் கமாண்ட் வசதி ஜாபிக்ஸில் இயல்பாகவே மூடித்தான் இருக்கும், நாங்கள் திறக்கவில்லை. புதிய வெர்ஷன் வந்தால் முதலில் எங்கள் பிரிவின் கம்ப்யூட்டரில், பிறகு ஒரு கிளையில், கடைசியில்தான் லேப் சர்வரில். அலாரத்தையும் அளவாக வைத்திருக்கிறோம். குளச்சல் லைன் போனால் 'லைன் போச்சு' என்று ஒரே ஒரு செய்தி வர வேண்டும். அங்குள்ள ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக வந்தால் ராத்திரி ஷிப்டில் இருப்பவர் போனை சைலன்டில் போட்டுவிடுவார், நிஜமான ஆபத்து வருகிற அன்றைக்கும் அது சைலன்டில்தான் கிடக்கும்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. இறுதியாண்டு மாணவர்களுக்கு இதையே ப்ராஜெக்டாகக் கொடுத்து, பக்கத்திலுள்ள பள்ளிக்கோ சங்கத்துக்கோ நிறுவித் தரச் சொல்லலாம். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கொட்டேஷன் கேட்கும்போதே நான்கு விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்கட்டும்: ஏஜென்ட் என்னென்ன எடுக்கிறது, எங்கே அனுப்புகிறது, என்ன உரிமையில் ஓடுகிறது, ஒப்பந்தம் முடிந்தால் அந்த விவரங்கள் என்ன ஆகும். எழுதித் தர மறுக்கிறவர்களின் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.