மண் பாடமும் வெந்நீர்ப் பாடமும் ஒன்றே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூனில் பள்ளியும் மழையும் சேர்ந்தே வருகின்றன. அந்தச் சமயத்தில் யாங்கோனில் நடக்கும் நம் ஞாயிறு தமிழ் வகுப்புகளில் செம்மண், கரிசல், வண்டல், மணல் என்று நான்கு பெயர்களைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். 'தண்ணீரைக் காய்ச்சிக் குடி' என்பது இன்னொரு நாள் பாடம். இரண்டையும் ஒன்றாக நடத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து. குளத்து நீரைக் கலக்குவது அந்த மண்தானே!

தமிழ்நாட்டு வரைபடம் வேண்டாம். யாங்கோன் மேட்டுச் செம்மண், ஐராவதிக் கழிமுகத்து வயல் களிமண், ஆற்று மணல் இந்த மூன்றும் போதும். காயவைத்து, கட்டி உடைத்து, வேர் பொறுக்கிய மண்ணில் ஒரு பிடி எடுத்து, சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பிசையச் சொல்லுங்கள். மணல் உருண்டையாகக்கூட நிற்காது. மணலும் களியும் கலந்த மண்ணைப் பென்சில் கனத்துக்குத் திரிக்கலாம், வளைத்தால் வெடித்துவிடும். நல்ல களி வளையலாகவே சுற்றிக்கொள்ளும். நீர் கூடிவிட்டால் எல்லாம் சேறுதான், வித்தியாசம் தெரியாது; சோதனை கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்து, ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நான்கு விரல் இடம் விட்டு நீர் ஊற்றி, இரண்டு நிமிடம் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும். மணலைவிட நுண்ணிய வண்டல் துகளுக்குச் சில மணி நேரம். களி மறுநாளும் மிதந்துகொண்டிருக்கும். ஆசையில் யாராவது பாட்டிலைத் தொட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே எட்டாத உயரத்தில் வைத்து, படியும் அடுக்குகளுக்குப் பேனாவால் கோடு போடுங்கள்.

களித் துகள் 0.002 மில்லிமீட்டரிலும் சிறியது. ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். படிகாரம் அந்தத் தள்ளலை அடக்குகிறது. துகள்கள் சேர்ந்து, கனத்து, இறங்குகின்றன. இரண்டு பாட்டில் களிநீர் வைத்து, ஒன்றில் மட்டும் சிட்டிகைப் படிகாரத் தூளைக் கலக்கிக் காட்டுங்கள். வீட்டில் 20 லிட்டர் வாளிக்கு ஒரு கிராம் அளவே போதும். அள்ளிப் போட்டால் நாக்கில் துவர்க்கும்.

தெளிந்ததைக் காட்டி, "இதைக் குடிக்கலாமா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தெளிந்த நீரிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கலாம்; வெந்நீர்ப் பாடத்தை அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். மெலியாய்டோசிஸ் என்ற நோயை முதன்முதலில் விவரித்தவர்கள் அன்று ரங்கூன் எனப்பட்ட இதே யாங்கோனில் பணிபுரிந்த மருத்துவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். அவர்கள் கட்டுரை 1912இல் வெளிவந்தது. அதன் கிருமி ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்கிறது, தோலின் கீறல் வழியாகவும் உடலுக்குள் போகும். கையில் காயமுள்ள பிள்ளையை மண் பிசைய விடாதீர்கள். மற்றவர்கள் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சுங்கள். பாத்திரத்தின் அடியில் முதலில் ஒட்டும் சின்னக் குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று. அதைப் பார்த்துக் கொதித்துவிட்டதாக நினைத்து இறக்குகிறவர்கள் பெரியவர்களிலும் உண்டு. கரண்டியால் கிளறினாலும் அடங்காமல் பெரிய குமிழிகள் மேலே வந்து உடைய வேண்டும். அந்த நிலையில் ஒரு நிமிடம். ஷான் மலைமேல் நீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அங்கும் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல்தான் மூன்று நிமிடம். உப்பும் ஆர்சனிக் என்ற நச்சும் கொதித்தால் போகாது. 2008 நர்கிஸ் புயலில் கடல்நீர் புகுந்த குளங்களை எத்தனை முறை காய்ச்சினாலும் உப்பு உப்புதான்.

எங்களுக்குக் கவலை தருவது அடுப்பு. மின்சாரம் போனால் கரி அடுப்பு தரைக்கு வருகிறது, அதாவது பிள்ளையின் கைக்கெட்டும் இடத்துக்கு. வகுப்பில் பெரியவர் மட்டுமே பற்றவைக்க வேண்டும், காற்றோட்டமான இடத்தில், செங்கல் மேடைமேல். ஒரு மீட்டர் தள்ளிச் சாக்குக்கட்டிக் கோடு கிழியுங்கள், பிள்ளைகள் அதற்கு வெளியே. முக்கால் பாத்திரம்தான் நீர். மூடியை எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்காது. கொதித்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், அங்கேயே ஆறட்டும். 60 டிகிரி நீரே ஐந்து விநாடியில் பெரியவரின் தோலை ஆழமாக வேகவைக்கும். குழந்தைக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். சுட்டுவிட்டால் குழாய் நீரில் 20 நிமிடம். பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலும் முகம், கை, மர்ம இடங்களில் பட்டிருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆறிய நீரை மூடிய பானையில் ஊற்றி, நீளக் கைப்பிடி அகப்பையால் எடுக்கப் பழக்குங்கள். குவளையை விரலோடு முக்கினால் காய்ச்சிய வேலை வீண்.

சிறுவர் பக்கத்தில் அந்த இரண்டு பாட்டில்களின் படத்தை, படிகாரம் போட்ட அன்றும் மறுநாளும் எடுத்தபடி, அருகருகே போட இடம் கிடைக்குமா?

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்புத் தமிழாசிரியர்கள்,
யாங்கோன்